பிழை சொன்னவர்கள்: திறமூல மென்பொருளும் தமிழ் எழுத்தும்

காஞ்சிபுரத்து ஜக்கார்டு தறியில் நெய்த சேலையில் ஒரு குறை தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டு விதமாக இருக்கலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் இழை அறுந்திருக்கும். முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்யலாம். ஆனால் ஒவ்வொரு மாங்காயிலும் அதே மூலையில் அதே குறை திரும்பத் திரும்ப வந்தால்? அப்போது சந்தேகம் தறியின் மேலே ஏறியிருக்கும் அட்டையின் மீது போகும். எங்கோ ஒரு துளை இடம் மாறி விழுந்திருக்கிறது. நெசவாளர் எவ்வளவு கவனமாக நெய்தாலும் அந்தக் குறை வந்துகொண்டேதான் இருக்கும். அட்டை அடித்தவரிடம் போய், "இத்தனையாவது அட்டையில், இந்த வரிசையில்" என்று சொன்னால்தான் தீரும்.

ஜோசப் மேரி ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் 1804ல் உருவாக்கிய இந்தத் துளை அட்டை முறைதான் பிற்காலத்தில் கணிப்பொறிக்கும் வழிகாட்டியது. சார்லஸ் பாபேஜ் தன் இயந்திரத் திட்டத்தில் இதைக் கடன் வாங்கினார். 1890ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைப் பயன்படுத்தினார். இன்றைய மென்பொருளும் ஒரு வகையில் அந்த அட்டைதான். அதில் ஒரு துளை தவறினால் அதைப் பயன்படுத்தும் லட்சக்கணக்கான பேருக்கும் அதே இடத்தில் அதே குறை வரும்.

அந்தக் குறையை அட்டை அடித்தவரிடம் போய்ச் சொன்னவர்களின் வரலாறுதான் இந்தக் கட்டுரை. அவர்கள் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தத் தமிழ் எழுத்துக்கள் திரையில் இப்படி நேராக நின்றிருக்காது!

வழுவும் விட்டில்பூச்சியும்

மென்பொருளில் உள்ள பிழைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் பூச்சி, அதாவது 'பக்'. 1947 செப்டம்பர் 9ம் தேதி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்ற கணிப்பொறி தகராறு செய்தது. திறந்து பார்த்தபோது ஒரு ரிலேவுக்குள் விட்டில்பூச்சி ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, உண்மையிலேயே பூச்சி அகப்பட்ட முதல் சம்பவம் இது என்று வேடிக்கையாகக் குறிப்பு எழுதினார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. சொல் அதனால் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. தாமஸ் எடிசன் 1878லேயே தன் கடிதத்தில் இயந்திரக் கோளாறுகளைப் 'பக்' என்றுதான் எழுதியிருக்கிறார். அந்தப் பழைய சொல்லுக்கு நிஜப் பூச்சி கிடைத்துவிட்டதே என்பதுதான் 1947ல் அவர்கள் அடித்த ஜோக்!

தமிழ்க் கணிமையாளர்கள் இதற்குத் தேர்ந்த சொல் 'வழு'. இது நேராக இலக்கணத்திலிருந்து வந்தது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழு ஏழு வகை என்பது நன்னூல் கணக்கு. பள்ளியில் வழு, வழாநிலை, வழுவமைதி என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது நினைவிருக்கும். வழு என்றால் சும்மா தவறு என்று பொருளல்ல. ஒரு விதி இருந்து, அந்த விதியிலிருந்து விலகுவதுதான் வழு. 'இப்படி வரவேண்டும், ஆனால் இப்படி வருகிறது' என்று சொல்லத் தெரிந்தவர்தான் வழுவைச் சொல்ல முடியும். இந்த இரண்டு பாதிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பிரிண்டரும் காசோலையும்

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை அறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. அடிக்கடி பேப்பர் சிக்கும். அங்கிருந்த ரிச்சர்டு ஸ்டால்மன் பழைய பிரிண்டரில் இதே தொல்லைக்கு ஒரு வழி செய்திருந்தார். பேப்பர் சிக்கினால் அச்சுக்குக் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி நிரலைத் திருத்தியிருந்தார். புதிய பிரிண்டரின் மூலநிரல் கைக்கு வரவில்லை. நிரலை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் கேட்டும் அவர் கொடுக்க மறுத்துவிட்டார். குறை எது என்று தெரியும், திருத்தவும் தெரியும், ஆனால் கதவு பூட்டியிருக்கிறது! 1983 செப்டம்பர் 27ம் தேதி ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்ததற்கு இந்தப் பிரிண்டர் அனுபவமும் ஒரு காரணம். எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற கட்டற்ற மென்பொருள் இயக்கம் அங்கே தொடங்கியது.

1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் ஒருவர், தான் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாகவும், தற்போது புழங்கும் மினிக்ஸில் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள் என்றும் இணையத்தில் கேட்டார். அவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவருக்கு வயது 21. லினக்ஸ் என்ற பெரிய மரத்தின் விதை, குறை சொல்லச் சொல்லி ஒரு மாணவர் விடுத்த அழைப்புதான். பார்க்கும் கண்கள் போதுமான அளவு இருந்தால் எந்த வழுவும் ஆழத்தில் ஒளிந்திருக்க முடியாது என்று 1997ல் எரிக் ரேமண்ட் இதற்கு ஒரு தத்துவமே எழுதினார்.

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் உண்டு. டொனால்டு க்னூத். நூல்களை அச்சுக்கோக்கும் டெக் என்ற மென்பொருளை 1978ல் வெளியிட்டவர். தன் புத்தகத்தில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்புவார். 256 சென்ட் என்பது கணிப்பொறிக்காரர்களுக்குப் பிடித்த எண். டெக் மென்பொருளில் வழு கண்டுபிடித்தால் பரிசு ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பாகி 327.68 டாலரில் போய் நின்றது. இதில் வேடிக்கை என்னவென்றால் பெற்றவர்களில் பலர் அந்தக் காசோலையை வங்கியில் போடவே இல்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள்! வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடும் வணிகவியல் மாணவர்களுக்குத் தெரியும், 'கொடுத்தும் இன்னும் பணம் பெறப்படாத காசோலை' எவ்வளவு தொல்லை என்று. க்னூத் கணக்கில் அது வருடக்கணக்காக நிலுவையிலேயே இருந்திருக்கும். காசோலைப் படங்கள் இணையத்தில் உலவி மோசடிக்கு வழி செய்ததால் 2008ல் நிஜக் காசோலையை நிறுத்திவிட்டு, கற்பனை வங்கி ஒன்றின் பெயரில் சான்றிதழ் அனுப்பத் தொடங்கினார். அப்போதும் அதன் மதிப்பு குறையவில்லை.

குறைகளுக்கு ஒரு குறிப்பேடு

ஆட்கள் பெருகப் பெருக, வாய்மொழியாகச் சொன்ன குறைகள் காற்றோடு போயின. எல்லாவற்றையும் ஓரிடத்தில் பதிய வேண்டியிருந்தது. டெபியன் லினக்ஸ் திட்டத்துக்காக 1994ல் இயன் ஜாக்சன் ஒரு வழுப் பதிவு அமைப்பை எழுதினார். 1998 மார்ச் 31ம் தேதி நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூலநிரலைத் திறந்துவிட்டு மோசில்லா திட்டம் தொடங்கிய அதே ஆண்டில், டெரி வெய்ஸ்மன் பக்ஸில்லா என்ற அமைப்பைக் கொடுத்தார்.

இதை வணிகவியல் மொழியில் சொன்னால் குறிப்பேடு. ஒவ்வொரு வழுவுக்கும் ஒரு வரிசை எண். பதிந்த தேதி. பதிந்தவர் பெயர். என்ன நடந்தது என்ற விளக்கம். யார் பொறுப்பில் இருக்கிறது, திருத்தியாயிற்றா, எந்தப் பதிப்பில் என்ற விவரம். எதையும் அழிக்க முடியாது, அடுத்த பதிவால்தான் சரிசெய்ய முடியும். ஒரு வித்தியாசம் உண்டு. நிறுவனக் குறிப்பேட்டை முதலாளியும் தணிக்கையாளரும் பார்ப்பார்கள். இதை உலகமே பார்க்கலாம்!

உபுண்டு லினக்ஸில் முதல் எண் பெற்ற வழு மிகவும் பிரசித்தம். 2004 ஆகஸ்ட் 20ம் தேதி மார்க் ஷட்டில்வொர்த் அதைப் பதிந்தார். கணிப்பொறிச் சந்தையின் பெரும்பங்கு மைக்ரோசாப்டிடம் இருக்கிறது என்பதுதான் அந்த வழு! 2013 மே மாதம், போன்களும் டேப்லெட்களும் வந்து சந்தையே மாறிவிட்டது என்று சொல்லி அவரே அதை மூடினார்.

குறையை எல்லோரும் பார்க்க எழுதி வைத்து, எல்லோரும் பார்க்கவே திருத்துவது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. குடவோலைத் தேர்தலுக்கான விதிகளைச் சொல்பவை. முதலாவது 919ம் ஆண்டு, இரண்டாவது 921. முதல் கல்வெட்டு வேட்பாளரின் வயதை 30க்கு மேல் 60க்குள் என்கிறது. இரண்டே ஆண்டுகளில் அது 35க்கு மேல் 70க்குள் என்று மாறியது. மற்ற விதிகளும் இன்னும் விரிவாயின. பழையதைச் செதுக்கி எடுத்துவிட்டுப் புதியதைப் போடவில்லை. இரண்டும் சுவரில் இருப்பதால்தான் எது மாறியது என்று ஆயிரம் வருடம் கழித்தும் படிக்க முடிகிறது.

தமிழ் ஏன் உடைந்தது?

சரி, தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்தில் எழுத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். தமிழில் அப்படி இல்லை. 'கெ' என்பதில் க முதலில் ஒலிக்கிறது, ஆனால் கொம்பு அதற்கு முன்னால் போய் நிற்கிறது. 'கொ' என்பதில் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. 'கு', 'டு', 'ளு' என்று உகரம் ஏறும்போது எழுத்தின் உருவமே மாறுகிறது. 1991ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால் அதில் உயிர்மெய்க்குத் தனி இடம் கிடையாது. மெய்யின் பின்னால் உயிர்க்குறியைச் சேமித்து வைப்பார்கள். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தூக்கி வைப்பது மென்பொருளின் வேலை.

அந்த வேலையைச் செய்யும் நிரலை எழுதுபவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதுதான் சிக்கல். கொம்பு பின்னால் வந்தாலும் முன்னால் வந்தாலும் அவர் கண்ணுக்கு எல்லாமே சுழியும் வளைவும்தான். அவர் சோம்பேறி இல்லை, அலட்சியக்காரரும் இல்லை. ஜப்பானிய எழுத்து தலைகீழாக அச்சாகியிருந்தால் நம்மில் எத்தனை பேர் கண்டுபிடிப்போம்? 'இப்படி வரவேண்டும்' என்ற பாதி தமிழ் படிப்பவரிடம் இருக்கிறது. 'இப்படி ஆக்குவது எப்படி' என்ற பாதி நிரல் எழுதுபவரிடம் இருக்கிறது. இரண்டும் சந்தித்தால்தான் எழுத்து நேராகும்.

2000களில் தமிழ் வலைப்பதிவு படித்தவர்கள் இதைக் கண்ணால் கண்டவர்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் சரியாகத் தெரிய தனியாக ஒரு வசதியை நிறுவ வேண்டும். அதற்கு சிடியைத் தேடி எடுக்க வேண்டும். அதைக் கடந்து 2004 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு மாறினால் இன்னொரு வேதனை. இருபக்கமும் சமமாக வரி ஒட்டி நிற்கும்படி, அதாவது ஜஸ்டிஃபை செய்து, ஒருவர் பதிவு போட்டிருந்தால் அந்தப் பதிவு முழுக்கச் சிதறிவிடும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி தனியே அந்தரத்தில்! வரியை நீட்டுவதற்காக இடைவெளி சேர்க்கும்போது, சேர்ந்தே இருக்க வேண்டிய எழுத்தும் உயிர்க்குறியும் பிரிந்து போயின. அதே பக்கம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒழுங்காகத் தெரியும்.

இதற்கு இரண்டு விதமான எதிர்வினைகள் இருந்தன. பதிவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட கைவைத்தியம் ஒன்று. 'ஜஸ்டிஃபை பண்ணாதீங்க, இடப்பக்கம் ஒட்டி விட்டுடுங்க, ஃபயர்ஃபாக்ஸ்ல படிக்க முடியல.' இது உதவியது, ஆனால் அந்த ஒரு பதிவுக்கு மட்டும். அடுத்த பதிவரிடமும் அதையே சொல்ல வேண்டும். அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே போகிற மாதிரி. இரண்டாவது, சிலர் மோசில்லாவின் பக்ஸில்லாவுக்கே போய் எழுதினார்கள். தமிழ் மட்டுமல்ல, மற்ற இந்திய மொழிகளும் இப்படி உடைகின்றன என்ற புகார்கள் அங்கே பதிவாயின. அட்டை அடித்தவரிடம் போனவர்கள் இவர்கள்தான்.

உடனே தீர்ந்துவிடவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 1.5 வந்தது, 2 வந்தது, குறை அப்படியே இருந்தது. எழுத்தை வரையும் பகுதியையே புதிதாக எழுதிய பிறகுதான், 2008 ஜூன் 17ம் தேதி வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 3ல் தமிழ் ஜஸ்டிஃபை செய்தாலும் உடையாமல் நின்றது. ஒரே நாளில் 80 லட்சம் பேருக்கு மேல் தரவிறக்கி கின்னஸ் சாதனை படைத்த பதிப்பு அது. அத்தனை பேரில் தமிழ் படித்தவர்களுக்கு மட்டும் அதில் இன்னொரு சந்தோஷமும் இருந்தது!

ஸ்ரீபெரும்புதூர் எங்கே?

எல்லா வழுவும் கண்ணுக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. கோயில் நகரமான காஞ்சிபுரத்தில் எங்கே திரும்பினாலும் ஒரு எழுத்து இருக்கும். ஸ்ரீ! பெருமாள் பெயரில், தெருப் பலகையில், கடைப் பெயரில், பட்டுச் சேலை விற்பனை ரசீதில். மாவட்டத்திலேயே ஸ்ரீபெரும்புதூர் என்று ஓர் ஊர்.

கணிப்பொறிக்குள் இந்த ஸ்ரீ இரண்டு விதமாக இருக்கிறது. ஆரம்பத்தில் இதை 'ஸ்' என்பதோடு 'ரீ' சேர்த்தே எழுதினார்கள். வேறு வழி இல்லை. 2005ல் வந்த யூனிகோடு 4.1ல் 'ஶ' என்ற எழுத்து தனியாகச் சேர்க்கப்பட்டது. ஸ்ரீ என்ற ஒலியின் உண்மையான முதலெழுத்து அதுதான் என்பதால், அதற்குப் பிறகு 'ஶ்' என்பதோடு 'ரீ' சேர்ப்பதே முறையானது என்றாயிற்று. ஆனால் அதற்குள் பல வருடங்களாகப் பழைய முறையில் எழுதிக் குவித்தாகிவிட்டது. விசைப்பலகைகள் சில பழைய முறையில் தருகின்றன, சில புதிய முறையில். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே உருவம்தான். கண்ணால் பிரித்தறிய வழியே இல்லை.

விளைவு என்ன? ஒருவர் வாடிக்கையாளர் பட்டியலில் ஸ்ரீபெரும்புதூர் என்று பழைய முறையில் ஏற்றியிருக்கிறார். இன்னொருவர் புதிய முறையில் தட்டித் தேடுகிறார். இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத் தெரியாத மென்பொருள், 'அப்படி எதுவும் இல்லை' என்று சொல்லிவிடும். பட்டியலில் ஊர் கண்ணெதிரே இருக்கும்! அகர வரிசைப்படுத்தினால் ஒன்று ஓரிடத்திலும் மற்றொன்று வேறிடத்திலும் போய் உட்காரும். ஒரு வாடிக்கையாளர் இரண்டு பேராகி, ஒரே கணக்கு இரண்டாகப் பிரியும். இது ஒரு நிரலாளரின் தவறல்ல. வெவ்வேறு காலத்தில் நல்லெண்ணத்தோடு எடுத்த இரண்டு முடிவுகளின் விளைவு. ஆனாலும் ஒவ்வொரு மென்பொருளிலும் யாராவது ஒருவர் இதை விளக்கி எழுதினால்தான் அந்த மென்பொருளில் அது தீரும்.

இதே வகையில் இன்னொன்று. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? சிறு பிள்ளையும் மூன்று என்று சொல்லும். பைத்தான் நிரல்மொழியைக் கேட்டால் ஐந்து என்கிறது. இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணிவிடுகிறது. சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி முதலில் வந்து அந்தரத்தில் நிற்கிறது. இதற்கெல்லாம் மருந்தாக, எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் ஓப்பன் தமிழ் என்ற திறமூல நிரல்தொகுப்பைத் தந்திருக்கிறார்கள். அது தமிழைத் தமிழாக எண்ணும்.

காஞ்சியில் ஞாயிறு மாலை

பட்டுக்கும் இட்லிக்கும் பேர்போன காஞ்சிபுரத்துக்கு இன்னொரு பெயரும் உண்டு. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு. இந்த ஊரைச் சேர்ந்த த. சீனிவாசன் போன்றவர்கள் முன்னெடுத்த இந்தக் குழு, கொரோனா காலத்துக்குப் பின் ஞாயிறு மாலைகளில் இணையவழியாகக் கூடி, தமிழிலேயே கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேசி வந்திருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் பயன்படுத்திய ஜிட்சி மென்பொருளும் திறமூலம்தான். 2012ல் தொடங்கிய கணியம் மின்னிதழ், 2013ல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம் ஆகியவற்றிலும் சீனிவாசனின் பங்கு பெரிது.

கணியம் அறக்கட்டளை செய்த காரியம் ஒன்று இந்தக் கட்டுரைக்கு முக்கியம். கிட்ஹப் தளத்தில் வழுக்களைப் பதிவதற்கென்று ஒரு பகுதி உண்டு. இவர்கள் நிரலே இல்லாத ஒரு திட்டத்தைத் தொடங்கி, தமிழுக்கு என்னென்ன மென்பொருள் இல்லை என்பதை அங்கே ஒவ்வொன்றாக வழுவைப் போலவே பதிந்து வைத்தார்கள். இருக்கும் பொருளில் குறை சொல்வது ஒரு படி. இல்லாத பொருளையே குறையாகப் பதிவது அடுத்த படி. நிரல் எழுதத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் புராஜெக்டுக்கு என்ன செய்வது என்று தேடும்போது அந்தப் பட்டியல் அவருக்குத் தயாராகக் காத்திருக்கும்.

செலவு யார் கணக்கில்?

வணிகவியல் படிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இதில் செலவு யாருடையது?

கைத்தறியில் குறை இருந்தால் கூலியில் பிடித்தம் வரும் என்ற பயம் உண்டு. அதனால் குறையை மறைக்கத் தோன்றுவது இயல்பு. நிறுவனங்களுக்கும் அப்படித்தான், வெளியில் தெரிந்தால் விற்பனை போகும். திறமூலத்தில் பெரும்பாலும் விற்பனை இல்லை, அதனால் மறைக்கத் தேவையில்லை. ஆனால் பல திட்டங்களுக்கு வருமானமும் இல்லை! 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீடு என்ற வழு வெளிவந்தது. உலகின் பல இணையதளங்களின் ரகசியத்தைக் காக்கும் ஓப்பன் எஸ்எஸ்எல் மென்பொருளில் அது இரண்டு வருடமாக இருந்திருக்கிறது. அத்தனை கோடி வணிகத்தைத் தாங்கிய அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2000 டாலர்தான் என்று அப்போதுதான் உலகம் அறிந்தது. எல்லோரும் பயன்படுத்தினார்கள், யாரும் கவனிக்கவில்லை.

இதற்கு மாறான கதை 2024 மார்ச் 29ம் தேதி. ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்டு என்ற பொறியாளர், தன் கணிப்பொறியில் தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விட்டுவிடவில்லை. தோண்டிப் பார்த்தபோது எக்ஸ்இசட் என்ற சிறிய மென்பொருளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளக்கதவு வைத்திருந்தது தெரிந்தது. கண்டதை விவரமாகப் பகிரங்கமாக எழுதினார். பெரும்பாலான லினக்ஸ் கணிப்பொறிகளுக்கு அது பரவும் முன்பே தடுக்கப்பட்டது.

பதிவைப் படிப்பவருக்கும் செலவு உண்டு. அவர் நேரம்தான் அது. பெரும்பாலும் அவர் சம்பளமில்லாமல் இரவில் உட்கார்ந்து வேலை செய்பவர். கர்ல் என்ற மென்பொருளைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதி அனுப்பப்படும் போலி வழு அறிக்கைகள் தங்கள் நேரத்தைத் தின்கின்றன என்று 2025ல் வெளிப்படையாகவே கண்டித்தார். இல்லாத வழுவைச் சொல்வது, இருக்கும் வழுவைச் சொல்லாமல் விடுவதைவிட மோசம். உண்மையான புகார் அந்தக் குப்பையில் புதைந்துவிடும்.

எப்படிச் சொல்வது?

புட்டி மென்பொருளை எழுதிய சைமன் டாத்தம் 1999லேயே வழுவை எப்படித் தெரிவிப்பது என்று ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் எளிமையானது. நிரலாளர் தன் கணிப்பொறியில் அதே குறையைக் கண்ணால் காணும்படி செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

'தமிழ் சரியா வரல' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்த மென்பொருள், எத்தனையாவது பதிப்பு, எந்த இயங்குதளம் என்பது முதலில். என்ன செய்தபோது வந்தது என்பது படிப்படியாக, சமையல் குறிப்பு மாதிரி. பிறகு வழுவின் இரண்டு பாதிகள்: என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். உடைந்த எழுத்தின் படத்தையும், அதே சொல் சரியாகத் தெரியும் படத்தையும் பக்கத்தில் வைத்தால் தமிழ் தெரியாத நிரலாளருக்கும் புரிந்துவிடும். அந்தச் சொல்லை எழுத்தாகவும் ஒட்டினால் அவரே சோதித்துப் பார்க்கலாம். முன்பே யாராவது பதிந்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்து, இருந்தால் அதிலேயே கூடுதல் விவரம் சேர்ப்பது நல்லது. திட்டாமல் எழுதுவது அதைவிட நல்லது!

இதில் எதற்கும் நிரல் எழுதத் தெரிய வேண்டாம் என்பதைக் கவனியுங்கள். தமிழ் படிக்கத் தெரிய வேண்டும், பொறுமை வேண்டும், உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். இது வணிகவியல் மாணவருக்கும் முடியும், தமிழிலக்கிய மாணவருக்கு இன்னும் நன்றாகவே முடியும்.

பெரிய நிறுவனங்கள் லாபம் இருக்கும் மொழியை முதலில் கவனிக்கும். அது வியாபார நியாயம், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் திறமூலத்தில் கதவு திறந்திருக்கிறது. உள்ளே நுழையக் கட்டணம், தெளிவாக எழுதப்பட்ட ஒரு பக்கம். 2000களில் யாரோ சிலர் அந்தக் கட்டணத்தைச் செலுத்தியதால் இன்று தமிழ் உடையாமல் தெரிகிறது. அவர்களில் பலரின் பெயர் பக்ஸில்லாவின் ஏதோ ஒரு பழைய எண்ணுக்குக் கீழே மட்டும்தான் இருக்கிறது. ஸ்ரீ இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. அடுத்த முறை தேடிய ஊர் கிடைக்காமல் போனால், நண்பரிடம் புலம்புவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி அதை அந்த மென்பொருளின் குறிப்பேட்டில் பதிந்துவிடுங்கள்.